கண்மாய் மண்ணும் டெல்லி மனுவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். போன சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாயில் சவுடு மண் அள்ள ஆரம்பித்தார்கள். மூன்றடிதான் என்றார்கள், இப்போது ஆள் இறங்கினால் தலை தெரியாது. கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கி தாலுகா அலுவலகம் வரை அலைந்தாயிற்று. ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர், "பேசாம டெல்லிக்கு, சுற்றுச்சூழல் மந்திரிக்கே மனுப் போடுங்கப்பா" என்றார். அப்போதுதான் கவனித்தோம், எங்களில் ஒருவருக்கும் அந்த மந்திரி பெயர்கூடத் தெரியவில்லை. நிதியமைச்சர் என்றால் சிவகங்கைச் சீமையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பதவி எப்போது வந்தது, அவர் என்னதான் செய்வார்? மனுப் போட்டால் ஏதாவது நடக்குமா?

மெ.

அன்புள்ள தம்பி மெ.,

2021 ஜூலையில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் பூபேந்தர் யாதவ். தெரியாமல் இருந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். 1999-க்கும் 2013-க்கும் இடையில் மூன்று தமிழர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்: டி.ஆர். பாலு, ஆ. ராசா, ஜெயந்தி நடராஜன். பாலு என்றால் நாற்கரச் சாலையும் சேதுக் கால்வாயும், ராசா என்றால் தொலைத்தொடர்பு, அப்படித்தானே நம் ஆட்களுக்கு ஞாபகம் வருகிறது? இந்தத் துறையை வைத்து ஒருவரையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இவ்வளவுக்கும் இன்றைக்கு நாடு முழுக்க குவாரி, சுரங்கம், ஆலை எது வந்தாலும் எந்த விதிப்படி அனுமதி கேட்கிறார்களோ அந்த 2006 செப்டம்பர் அறிவிக்கை, ராசா அந்தத் துறையில் இருந்தபோது வந்ததுதான்.

கதை 1972-ல் தொடங்குகிறது. ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு இந்திரா காந்தி நேரில் போனார். அதற்குச் சில மாதம் முன்னால்தான் இங்கே ஒரு தேசியக் குழு போட்டிருந்தார்கள், அதுவும் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குள்ளே, ஒண்டுக்குடித்தனம் மாதிரி. 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது காடும் வன உயிரும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. 1980 நவம்பரில் தனித் துறை, 1985-ல் ராஜீவ் காந்தி காலத்தில் தனி அமைச்சகம். ‘காலநிலை மாற்றம்’ என்ற வால் 2014-ல் ஒட்டியது.

ஆனால் இந்தத் துறைக்குக் கையில் பிரம்பு கிடைத்தது போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகுதான். 1984 டிசம்பரில் அத்தனை பேர் செத்தார்கள், 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 5-ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஆலையை மூடு, கரண்டை வெட்டு, தண்ணீரை நிறுத்து என்று மத்திய அரசு நேரடியாக உத்தரவு போடலாம். அவ்வளவு பெரிய பிரம்பு. எத்தனை தடவை ஓங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

1994-ல் ஒரு திருப்பம். பெரிய திட்டம் எதுவானாலும் முதலில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவிக்கை வந்தது (மேலே சொன்ன 2006 அறிவிக்கை இதற்குப் பதிலாக வந்ததுதான்). நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அலுவலகம் மெல்ல மெல்ல ஒரு பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி ஆகிப்போனது என்பது என் எண்ணம். அனுமதிக் கோப்பு வரும், நிபந்தனை எழுதுவார்கள், கையெழுத்தாகும். எவ்வளவு சீக்கிரம் கையெழுத்தாகிறது என்பதை வைத்துத்தான் இப்போது மந்திரிக்கு மார்க்.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் குடிதண்ணீர் ஊரணிக்கு ஒரு காவல்காரர் இருந்தார். படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே இருப்பார், குடத்தைத் தவிர வேறு எது தண்ணீரைத் தொட்டாலும் எழுந்து கம்பைத் தட்டுவார். ஒரு நாள் நான் காலைக் கழுவப் போய், எங்கள் அப்பத்தாவுக்கே காது கூசுகிற மாதிரி அவரிடம் பேச்சு வாங்கினேன். யாருக்கும் அனுமதி கொடுக்கிற வேலை அவருக்குக் கிடையாது, கூடாது என்று சொல்லுகிற ஒரே வேலைதான். டெல்லியில் காவலும் அனுமதியும் ஒரே ஆளிடம். அனுமதி கொடுத்ததை எண்ணிக் காட்டலாம், காப்பாற்றியதை எப்படி எண்ணிக் காட்டுவது?

கூடாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தத் துறையில் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தார், அதே ஆண்டு ஆகஸ்டில் ஒடிசா நியம்கிரி மலையில் வேதாந்தாவின் பாக்சைட் திட்டத்துக்கு வன அனுமதி மறுத்தார். 2011 ஜூலையில் அவரைக் கேபினட் அமைச்சராக்கி ஊரக வளர்ச்சிக்கு அனுப்பினார்கள். பதவி உயர்வுதான், சந்தேகமில்லை.

சரி, உங்கள் கண்மாய்க்கு வருகிறேன். மத்திய அமைச்சகத்தின் 2017 சதுப்பு நில விதிகளில் எது சதுப்பு நிலம் என்று வரையறுக்கும்போதே, பாசனத்துக்காக மனிதர் கட்டியது, குடிநீருக்காகக் கட்டியது இரண்டையும் விலக்கிவிட்டார்கள். ஆக, கண்மாயும் அவுட், ஊரணியும் அவுட். கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே, அந்த ஊர்க் கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடி தப்பித்தது 1977-லேயே சரணாலயமாக அறிவித்ததால். அந்த அறிவிப்பு இல்லாத கண்மாயில் கொக்கு, நாரை எத்தனை வந்து இறங்கினாலும் டெல்லி விதியின் கண்ணுக்கு அது பாசனக் கட்டுமானம்.

ஆனால் தோண்டுவது என்று வந்துவிட்டால் டெல்லியின் கை நீளும். சின்ன குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. அந்த அனுமதியைக் கொடுக்கிற மாநில ஆணையம் சென்னையில் இருந்தாலும், அதை 1986 சட்டத்தின்கீழ் நியமிப்பது மத்திய அரசு. 2020 மார்ச்சில், ஊரே அடைபட்டுக் கிடந்தபோது, சாலை மாதிரியான நீள்வாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க அனுமதியே தேவையில்லை என்று அமைச்சகம் ஒரு திருத்தம் போட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் ஊரில் "ரோட்டுக்குத்தான் எடுக்கிறோம், பர்மிஷன் வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லி, இப்போது எந்த விதிப்படி விலக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

மந்திரிக்கு மனுப் போடுங்கள், தபால் செலவுதானே. ஆனால் அது சுற்றிச் சுற்றி, கடைசியில் நீங்கள் ஏற்கெனவே போய் நின்ற அதே மேஜைக்குத்தான் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று திரும்பி வரும். அதைவிட முக்கியம் அனுமதி உத்தரவின் நகல். அமைச்சகத்தின் அனுமதிக் கோப்புகள் இருக்கும் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் சர்வே எண், பரப்பு, ஆழம், எத்தனை நாள் என்று எல்லாம் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று குத்தகைதாரர் அறிக்கை கொடுத்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

இந்த மாதிரிக் காகிதங்களை நம்பாதீர்கள், படியுங்கள். சில வருடம் முன்னால் ஒரு குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், இரண்டு போண்டா. கையில் கொடுத்த தமிழ்ச் சுருக்கத்தில் ‘அருகிலுள்ள ஆற்றின் கரையோரத் தாவரங்கள்’ என்று ஒரு பத்தி. எங்கள் பக்கம் ஆறா? வேறு ஏதோ மாவட்டத்து அறிக்கையை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் எழுந்து கேட்டதும் மேடையில் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் ‘பதிவு செய்துகொள்கிறோம்’ என்றார்கள். அந்தப் பதிவுதான் பின்னால் வழக்குப் போட்டவர்களுக்கு உதவியது.

தமிழில் கேட்கவும் தயங்காதீர்கள். 2020-ல் அந்த மதிப்பீட்டு விதிகளையே மாற்ற ஒரு வரைவு போட்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. லட்சக்கணக்கில் எதிர்ப்பு வந்து குவிந்தது, வரைவு அப்படியே கிடப்பில் போனது. டெல்லிக்கு எழுதிப் பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்களே, அப்படி ஆளோடு ஆளாகச் சேர்ந்து எழுதினால் உண்டு.

இனி அவசரமான விஷயம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போவதாக இருந்தால், பிரச்சினை முதலில் தொடங்கியதிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். சித்திரையிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், கயிற்றில் அடிக்கு அடி முடிச்சுப் போட்டு, மடைக்கல்லிலிருந்து எத்தனை தூரத்தில் எத்தனை ஆழம் என்று அளந்து, தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் குழி தண்ணீருக்கு அடியில் போய்விடும். அப்புறம் அளக்க வருகிற அதிகாரி கரையில் நின்று, கண்மாய் நிறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.