வெளிநாட்டு வேலைக்குப் போகும் தங்கைக்குக் குறைந்த விலையில் எந்த போன் வாங்கிக் கொடுக்கலாம்?

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கை இரண்டு வருட ஒப்பந்தத்தில் துபாய்க்கு வீட்டுவேலைக்குப் போகிறாள், கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, அதற்குள் நல்ல போன் எது என்பது உங்கள் கேள்வி.

அந்தப் பணம் முழுவதையும் தங்கையின் போனில் போட்டுவிடாதீர்கள். இரண்டு போன் வாங்குங்கள். ஒன்று தங்கைக்கு, மற்றது தோட்டத்து லய வீட்டில் இருக்கப்போகும் அம்மாவுக்கு. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் 2016இல் பொகவந்தலாவையிலிருந்து துபாய்க்குப் போனேன். நான்கு வருடம் ஒரே வீட்டில் வேலை. போவதற்கு முன் டவுனில் ஒரு கடையில் பழைய போன் ஒன்று வாங்கினேன். பார்க்கப் புதிது போல இருந்தது, விலையும் குறைவு. அமெரிக்காவில் தவணை முறையில் விற்ற போன் அது. தன் சிம்மைத் தவிர வேறு சிம் வேலை செய்யாதபடி அந்த நாட்டு நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. கடைக்காரர் சிம்முக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்து அந்தப் பூட்டை ஏமாற்றியிருந்தார். இங்கே வேலை செய்தது. அங்கே போய்ப் புது சிம்மைப் போட்டதும் போன் அதை ஏற்கவே இல்லை. பதினொரு நாள் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த வீட்டின் டிரைவர், கேரளத்து அண்ணன் ஒருவர், தன் பழைய போனைத் தந்த பிறகுதான் அம்மாவின் குரலைக் கேட்டேன். பதினொரு நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி பிறகு சொன்னான். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இப்போது ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். வெளிநாடு போகிறோம் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது, பூட்டிய போனை வாங்காதீர்கள் என்பதைத்தான். பழைய போன்தான் வாங்க முடியும் என்றால், சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். சிம்மோடு ஒட்டிக்கொண்டு ஏதாவது தகடு வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும், அதுதான் அந்த போனின் அடையாள எண். ஐஎம்இஐ (IMEI) என்ற நான்கு எழுத்தையும் ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்த போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். கடையில் நிற்கும்போதே, பணம் கொடுப்பதற்கு முன்னரே இதைச் செய்யுங்கள்.

எந்த மாடல் என்று கேட்டால், சாம்சங்கின் ஏ வரிசையிலோ ரெட்மியிலோ இருக்கும் கீழ்விலை போன்களில் ஒன்று போதும். மாடல் பெயர்கள் அடிக்கடி மாறும், அதில் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 4 ஜிபி ராம், 128 ஜிபி இடம், 5,000 எம்ஏஎச் பேட்டரி, இரண்டு சிம் போடும் வசதி, இவை இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் தலைமுறை (5ஜி) வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. துபாயின் 4ஜி அலைவரிசைகளை இங்கே புதிதாக விற்கும் போன்கள் பிடிக்கும். ஆனால் பொத்தான் போனை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். அத்தகைய போன்கள் பல நம்பியிருக்கும் பழைய வலையமைப்புகளைப் பல நாடுகள் மூடிவருகின்றன. சிங்கப்பூர் 2017இல் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் நிறுத்திவிட்டது.

போனின் விலை துபாயில் குறைவு, அங்கேயே வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இங்கே பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், அங்கே 5 சதவீதம்தான். கட்டுமான வேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ போகிற ஆண்களுக்கு அந்த யோசனை சரியாக இருக்கலாம். வீட்டுவேலைக்குப் போகிற பெண் முதல் மாதத்தில் கடைப்பக்கம் போக முடியுமா என்பதே நிச்சயமில்லை. தங்கை கையில் வேலை செய்யும் போனோடுதான் கட்டுநாயக்கவில் விமானம் ஏற வேண்டும்.

இனி அம்மாவின் போனுக்கு வருகிறேன்.

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். அழைத்துப் பேச மட்டும் முடியாது, அந்த நாடு அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில் பேசலாம், அதற்கு இரண்டு பக்கத்திலும் அந்தச் செயலி ஓடக்கூடிய போன் வேண்டும். நேரமும் ஒத்துவராது. அங்கே இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து தங்கை படுக்கைக்கு வரும்போது இங்கே பதினொன்றரை. பள்ளத்துக்குள் இருக்கும் லயங்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் லயத்தில் கோயில் முடக்குக்கு ஏறினால்தான் கோடு தெரியும். அந்த நேரத்தில், அட்டையும் பனியுமாக இருக்கும் பாதையில் அம்மா எப்படி ஏறுவார்?

எங்களைக் காப்பாற்றியது குரல் பதிவுதான். இரவில் நான் பேசி அனுப்பிவிடுவேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போகும்போது அந்த முடக்கில் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா கேட்பார், நின்ற இடத்திலேயே பதில் பேசுவார். பின்னால் மற்றப் பெண்கள் என்னை நலம் விசாரிக்கும் சத்தமும் அதில் வரும். இதற்கு நான் அனுப்பிய முதல் சம்பளத்தில் வாங்கிய போன்தான் உதவியது. அதற்கு முன் வீட்டில் இருந்த போன் ஒரு பதிவைத் திறக்கவே திணறும். ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் 2025 தொடக்கத்திலிருந்து வாட்ஸ்அப் ஓடுவதே இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஆகவே தங்கைக்கு 35,000, அம்மாவுக்கு 25,000 என்று பிரியுங்கள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 25 நாள் கொழுந்து பறித்தவருக்கு 33,750 ரூபாய் கிடைத்தது. தங்கையின் போன் அம்மாவின் ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. அதனால்தான் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று இவ்வளவு பேசுகிறேன்.

இலங்கை சிம்மை வீசிவிட வேண்டாம். இரண்டாம் சிம்மாகப் போட்டு, புறப்படுவதற்கு முன் ரோமிங்கை, அதாவது அந்த சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதியைத் திறந்து வையுங்கள், இணைய ரோமிங்கை மட்டும் மூடிவிடுங்கள். வங்கியின் ரகசிய எண்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அது காலாவதியாகாமல் இங்கிருந்து நீங்கள் ரீலோட் செய்துகொண்டிருக்க வேண்டும். வீட்டு எண்களையெல்லாம் +94 போட்டுச் சேமியுங்கள். 051 என்று தொடங்கும் ஹட்டன் எண் +94 51 ஆக வேண்டும், பூச்சியம் வராது. கடவுச்சீட்டையும் ஒப்பந்தத்தையும் படம் எடுத்து அவளுடைய போனிலும் உங்களுடையதிலும் வையுங்கள். அதே கேமராவால் அந்த வீட்டுக் குழந்தைகளையோ விருந்தினரையோ கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். அங்கே அது சட்டப்படி குற்றம்.

எண்களை ஒரு தாளிலும் எழுதி அவள் பையில் தைத்த உள்பைக்குள் வையுங்கள். போன் விழுந்து உடைந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். சார்ஜர் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே இப்போது விற்கும் தட்டை முனை மூன்று உள்ள பிளக்கே அங்கும் பொருந்தும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் தங்கையை டவுனுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை உங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். தங்கை அங்கிருந்து பேசி அனுப்பட்டும். அம்மா தானே திறந்து, கேட்டு, பதில் பேசி அனுப்பும்வரை நீங்கள் போனைத் தொடாமல் பக்கத்தில் நில்லுங்கள். என் அம்மாவுக்கு நான்கு மாலை எடுத்தது.