எஞ்சின் யாரிடம், அதிகாரம் யாரிடம்? ஃபார்முலா 1 பற்றி வாசகர் கேள்விகள்

ஃபார்முலா 1 கார் எஞ்சின் வெறும் 1.6 லிட்டர்தானாம். நம் தெருவில் ஓடும் கார்களிலும் அந்த அளவு இருக்கிறதே, அதற்கு எதற்கு வருஷத்துக்கு அத்தனை கோடி?
– திருப்பூர் வாசகர்

லிட்டரைப் பார்த்து விலையை யோசிக்காதீர்கள். 2013 வரை 2.4 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது, எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. 2014-ல் அதைத் தூக்கிவிட்டு 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் கொண்டுவந்தார்கள். இதில் எஞ்சினோடு இரண்டு மின்மோட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்குவது ஒன்று. இன்னொன்றுதான் பணத்தை விழுங்கியது. அது டர்போவோடு, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலியோடு, ஒரே தண்டில் உட்கார்ந்து, வெளியேறும் புகையின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும், தேவைப்பட்டால் திருப்பி டர்போவைச் சுழற்றும். விதிப்படி அது நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுற்றலாம். அந்த வேகத்தில், தகிக்கும் எக்ஸாஸ்ட்டை ஒட்டியபடி, ஒரு மின்மோட்டார் பந்தயத்துக்குப் பந்தயம் உடையாமல் வேலை செய்யவேண்டும் என்றால் எத்தனை இன்ஜினியர்கள், எத்தனை சோதனை மேடைகள், எத்தனை வருஷ உழைப்பு என்று பாருங்கள். எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் பயனாகிறது என்று 2017-ல் மெர்சிடஸ் அறிவித்தது. பொறியியலாகப் பார்த்தால் அபாரமான சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தச் சாதனைக்கான பில் யாருக்குப் போனது? ரெனோ, மெர்சிடஸ் மாதிரி கார் கம்பெனிகளுக்குத் தங்கள் விற்பனையோடு ஒட்டிய தொழில்நுட்பம் வேண்டியிருந்தது, அதனால் விதி மாறியது. சொந்த எஞ்சின் இல்லாத டீம்கள் சீசனுக்கு இவ்வளவு என்று கட்டி வாடகைக்கு எடுக்கின்றன, கூடவே எஞ்சினைப் பார்த்துக்கொள்ள கம்பெனியின் ஆட்களும் வருவார்கள். வி8 காலத்தில் 1 கோடி யூரோவை ஒட்டி இருந்த அந்த வாடகை, 2014-ல் 2 கோடி யூரோ என்று பேசப்பட்டது. புது எஞ்சின் வேண்டும் என்று கேட்காதவர்கள் தலையில்தான் அந்தச் செலவு விழுந்தது.

தாங்க முடியாத விலை என்றால் சின்ன டீம்கள் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்திருக்கலாமே?
– மதுரை வாசகி

எதிர்த்தார்கள் அம்மா. 2014 அக்டோபரில் கேட்டர்ஹாம், மருஸ்ஸியா இரண்டுமே பணம் தீர்ந்து திவால் நிர்வாகிகள் கைக்குப் போயின. அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயத்துக்கு 18 கார்கள்தான் வந்தன. அங்கேயே சாபர், லோட்டஸ், ஃபோர்ஸ் இந்தியா மூன்றும் பந்தயத்தைப் புறக்கணிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தன, கடைசியில் ஓட்டினார்கள். கேட்டர்ஹாம் ரசிகர்களிடம் இணையத்தில் பணம் திரட்டி அபுதாபியில் மட்டும் ஒரு பந்தயம் ஓட்டிவிட்டு மறைந்தது. மருஸ்ஸியாவின் கதை இன்னும் வலிப்பது. அந்த வருஷம் மொனாக்கோவில் ஜூல்ஸ் பியாங்கி ஒன்பதாவதாக வந்து அந்த டீமுக்கு முதல் புள்ளிகளை வாங்கித் தந்தார். சில மாதங்களில் ஜப்பான் பந்தயத்தில் நடந்த விபத்தில் படுகாயம், அடுத்த ஜூலையில் அவர் இறந்துபோனார். அவர் எடுத்த இரண்டு புள்ளிகளுக்கான பரிசுப் பணத்தை நம்பித்தான் 2015-ல் மேனர் என்ற பெயரில் அந்த டீம் திரும்பி வந்தது.

ஏன் பலிக்கவில்லை என்றால், முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலியே இல்லை. விதிகளைப் பேச 'ஸ்ட்ராட்டஜி குரூப்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். 18 ஓட்டு. உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவுக்கு 6, வணிக உரிமை வைத்திருந்த எக்லெஸ்டோன் தரப்புக்கு 6, டீம்களுக்கு 6. அந்த ஆறு டீமில் சாபர் இல்லை, மருஸ்ஸியா இல்லை, கேட்டர்ஹாம் இல்லை. 2015 செப்டம்பரில் சாபரும் ஃபோர்ஸ் இந்தியாவும் ஐரோப்பிய ஆணையத்திடமே போய், பணம் பிரிப்பதும் விதி போடுவதும் நியாயமாக இல்லை என்று புகார் கொடுத்தன.

அப்புறம் எஃப்ஐஏ தலைவர் ஜான் டோட் எஞ்சின் வாடகைக்கு உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தார், 1 கோடியே 20 லட்சம் யூரோ என்று பேச்சு. ஃபெராரி, புது விதியைத் தடுக்கும் தன் வீட்டோ உரிமையை எடுத்து அதை நிறுத்தியது. 1980-களில் இருந்தே அந்த ஒரு டீமுக்கு மட்டும் இருக்கும் உரிமை அது. நாங்கள் செலவழித்துச் செய்ததை என்ன விலைக்குக் கொடுப்பது என்பது எங்கள் வணிக உரிமை என்பது அவர்கள் வாதம். சரி, அந்த வாதத்தை ஒப்புக்கொண்டாலும், விற்பவரே விலைக் கட்டுப்பாட்டை ரத்து செய்யலாம் என்ற ஏற்பாட்டை என்னால் ஒருநாளும் நியாயப்படுத்த முடியாது. விலை குறைவான தனி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவருவோம் என்று எஃப்ஐஏ மிரட்டிய பிறகுதான் 2016-ல் தயாரிப்பாளர்கள் இறங்கிவந்து, 2018-க்குள் வாடகையைக் குறைப்பதாகவும், எஞ்சின் இல்லாமல் எந்த டீமும் நிற்காதபடி பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். மேனருக்கு அது உதவவில்லை, 2017 தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். புகார் கொடுத்த ஃபோர்ஸ் இந்தியாவும் 2018 ஜூலையில் திவால் நிர்வாகத்துக்குப் போய், லாரன்ஸ் ஸ்ட்ரோல் குழுவால் பிழைத்தது. இன்றைய ஆஸ்டன் மார்ட்டின் அதுதான்.

ரெட் புல்லிடம் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்கும் எஞ்சின் கிடைக்காமல் போனதாகப் படித்தேன், உண்மையா?
– சேலம் வாசகர்

உண்மை. பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை ரெனோ எஞ்சினோடு வென்ற டீம் அது. ஹைப்ரிட் வந்ததும் ரெனோ பின்தங்கியது, 2015-ல் ரெட் புல் ஆட்கள் அதைப் பகிரங்கமாகவே திட்டித் தீர்த்தார்கள், உறவு முறிந்தது. மெர்சிடஸிடம் கேட்டார்கள், இல்லை என்றது. ஃபெராரி தன் சொந்த காரில் இருக்கும் அதே புது எஞ்சினைத் தரத் தயாராக இல்லை. ஹோண்டா அப்போது மெக்லாரனோடு மட்டும். நன்றாக கார் செய்யத் தெரிந்த எதிராளிக்கு எவன் எஞ்சின் கொடுப்பான்? விலகிவிடுவோம் என்று மிரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் திட்டிய ரெனோவிடமே திரும்பிப்போனார்கள். எஞ்சின் மேல் ரெனோ பெயர் இல்லை, டாக் ஹோயர் என்ற கைக்கடிகாரக் கம்பெனியின் பெயர் இருந்தது. 2016-ல் பார்சிலோனாவில் அவர்களுடைய ஓட்டுநர் வெர்ஸ்டப்பன் முதல் முறை ஜெயித்தது அந்தப் பெயர் மாற்றிய எஞ்சினில்தான். பிறகு 2019-ல் ஹோண்டா, 2021-ல் வெர்ஸ்டப்பனுக்கு ஓட்டுநர் பட்டம். ஹோண்டாவும் விலகுகிறது என்றதும் சொந்தமாக எஞ்சின் தொழிற்சாலையே கட்டிவிட்டார்கள். 2015-ல் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எப்போதுமே இப்படித்தானா? யார் வேண்டுமானாலும் எஞ்சின் வாங்கிய காலம் உண்டா?
– திருச்சி வாசகர்

உண்டு. 1967-ல் ஃபோர்டு 1 லட்சம் பவுண்ட் கொடுக்க, காஸ்வொர்த் கம்பெனியில் கீத் டக்வொர்த் டிஎஃப்வி என்ற வி8 எஞ்சினைச் செய்தார். முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் அதில் ஜெயித்தார். அடுத்த வருஷத்தில் இருந்து மற்ற டீம்களுக்கும் விற்றார்கள், ஒன்று 7,500 பவுண்ட். டிரெல், மெக்லாரன், வில்லியம்ஸ் எல்லாம் வளர்ந்தது அதனால்தான். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் 1983 வரை 155 பந்தயம் ஜெயித்தன. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான்.

நம் நரேன் கார்த்திகேயன் பின்வரிசையிலேயே ஓட்டியதற்கு மட்டமான எஞ்சின்தானே காரணம்?
– கோவை வாசகர்

இல்லை. 2011-ல் அவர் ஓட்டிய எச்ஆர்டி காரில் இருந்தது காஸ்வொர்த் வி8. அதே எஞ்சினை வைத்துத்தான் 2010-ல் பிரேசிலில் வில்லியம்ஸின் ஹல்கன்பெர்க் முதலிடத்தில் இருந்து பந்தயத்தைத் தொடங்கினார். எச்ஆர்டியின் சிக்கல் காரிலும் காசிலும். 2011, 2012 இரண்டு வருஷமும் ஆஸ்திரேலியாவில் அந்த டீமின் இரண்டு கார்களும் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. அந்த காரை வைத்துக்கொண்டு நரேனைக் குறை சொல்வது அநியாயம்.

இப்போதுதான் செலவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டதே, அரசியல் ஓய்ந்துவிட்டதா?
– சென்னை வாசகி

செலவு விஷயத்தில் நல்லது நடந்திருக்கிறது. 2021-ல் டீம்களுக்கு 14.5 கோடி டாலர் வரம்பு, 2023-ல் எஞ்சின் தயாரிப்பாளர்களுக்குத் தனியாக 9.5 கோடி டாலர், 2026-ன் புது விதிகளில் அது 13 கோடி. 2026-ல் நான் மேலே சொன்ன அந்தப் புகைச்சூட்டு மோட்டாரையும் எடுத்துவிட்டார்கள், அதனால்தான் ஆடி கார் கம்பெனி போன்ற புதியவர்கள் துணிந்து வருகிறார்கள்.

அரசியல் ஓயவில்லை. புதிதாகச் சேர இடம் கேட்ட அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி டீமுக்கு 2023-ல் எஃப்ஐஏ அனுமதி கொடுத்தது. 2024 ஜனவரியில் வணிக நிர்வாகம் கதவைச் சாத்தியது. சொன்ன காரணங்களில் ஒன்று, புது டீம் சில வருஷம் இன்னொருவர் எஞ்சினை வாங்கி ஓட்டுவது போட்டியின் கௌரவத்துக்குக் குறைச்சல் என்பது. அதே வருஷம் செப்டம்பரில், 1977-ல் டர்போ எஞ்சினை இந்தப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த ரெனோ, 2026 முதல் எஞ்சின் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. பாரிஸ் பக்கத்து விரி ஷாட்டியோன் தொழிற்சாலை ஊழியர்கள் இத்தாலியின் மோன்சா பந்தயம் வரை போய்க் காலரியில் நின்று எதிர்ப்புக் காட்டியும் பயனில்லை. அவர்களுடைய ஆல்பின் டீம் மெர்சிடஸ் எஞ்சினுக்குப் போய்விட்டது, கௌரவம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்ட்ரெட்டி பெயர் பின்னுக்குப் போய், ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் என்று வந்ததும் பதினோராவது டீமுக்கு இடமும் கிடைத்தது. தொடங்குவது ஃபெராரி எஞ்சினில். சொந்த எஞ்சினுக்கு அவர்கள் சொல்லும் வருஷம் 2029. அதுவரைக்கும் காடிலாக் ஓட்டப்போவது, ஆண்ட்ரெட்டிக்குக் கூடாது என்று சொன்ன அதே இரவல் எஞ்சின் ஏற்பாட்டில்தான்.