கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எங்கள் கழகப் பொடியன்மாருக்குப் பின்னேரங்களில் கரப்பந்து பழக்குகிறேன். ஒவ்வொரு சேர்விஸ் முடிந்ததும் பிழையைச் சொல்லித் திருத்துவது என் வழக்கம். போன கிழமை ஒருவன், "சேர், நான் கேட்கிற நேரம் மட்டும் சொல்லுங்களேன்" என்றான். வாய்க்கொழுப்பா, இல்லை அதில் ஏதும் விசயம் இருக்கிறதா?
– ஒரு பயிற்றுநர், களுவாஞ்சிகுடி

பதில்: விசயம் இருக்கிறது தம்பி, அவனைக் கோவிக்காதீர்கள்.

1997இல் ஜனெல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஆட்களைப் பழக்கமில்லாத கையால் பந்தெறியப் பழக்கினார்கள். ஒரு குழுவினர் வேண்டிய நேரம் வீடியோவும் விளக்கமும் கேட்டு வாங்கலாம். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு கிடைத்தது, ஆனால் கேட்கும் உரிமை இல்லை. பிறகு எந்த உதவியும் இல்லாமல் எறியவிட்டபோது, கேட்டு வாங்கியவர்களே முன்னுக்கு நின்றார்கள். இத்தனைக்கும் அவர்கள் கேட்டது ஏறக்குறைய பத்து எறிதலுக்கு ஒரு தடவைதான்! நீங்களும் நானும் பத்துக்குப் பத்தும் கத்துகிற ஆட்கள்.

சிவியகோவ்ஸ்கியும் வுல்ஃபும் 2002இல் இன்னொன்றைக் கவனித்தார்கள். பழகுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகச் செய்ததாக நினைத்த பிறகுதான் கேட்கிறார்கள். ஆகவே நல்ல சேர்விஸ் ஒன்றைப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் அது புகழுக்கு அலைவதல்ல, "இதுதானே சேர்?" என்று உறுதிப்படுத்திக்கொள்வது.

ஆனால் இதை மந்திரம் போலவும் நம்ப வேண்டாம். 2022இல் மக்கேயும் குழுவினரும் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசினார்கள். நல்ல முடிவு வந்த ஆய்வுகளே அதிகம் அச்சேறியிருக்கின்றன, உண்மையான பலன் மிகச் சிறியதாகவோ இல்லாததாகவோ இருக்கலாம் என்றார்கள். என் கணக்கில், அந்தப் பொடியன் கேட்டதால் வரும் முதல் லாபம் உங்கள் வாய் கொஞ்சம் ஓய்வதுதான். போட்டியில் அவன் தனியாகத்தானே கோட்டுக்குப் பின்னால் நிற்கப்போகிறான்?

சரி, எதைச் சொல்வது? பந்து வெளியே விழுந்ததை அவனே பார்க்கிறான், அதை நீங்கள் அறிவிக்கத் தேவையில்லை. அவனுக்குத் தெரியாதது, மேலே போட்ட பந்து தலைக்குப் பின்னால் போனது. மிதவை சேர்விஸ் (பந்து சுழலாமல் தள்ளாடிப் போகிற சேர்விஸ்) என்றால் அடிக்கும் தோளுக்குச் சற்று முன்னால், உயரம் குறைவாகப் போட்டு, மணிக்கட்டை மடக்காமல் உள்ளங்கை அடிப்பாகத்தால் தட்ட வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் உயரப் போட்டால் பந்து எங்கே போகுமென்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! அவன் சேர்விஸ் போடுவதைப் போனில் எடுத்து வையுங்கள், கேட்டால் காட்டுங்கள். காட்டும் முன், "எங்கே பிழைத்தது என்று நினைக்கிறாய்?" என்று ஒரு வார்த்தை.

புதிதாக வந்த சின்னவர்களுக்கு இது சரிவராது. என்ன கேட்பதென்றே அவர்களுக்குத் தெரியாது, ஆரம்பத்தில் நீங்களே சொல்லிக்கொடுங்கள். தோளை நோவெடுக்க வைக்கிற மாதிரி ஒருவன் அடித்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் உடனே நிறுத்துங்கள்.