நடக்க முடிகிறவர் வீல்சேர் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. 6 வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் தீராத வலி. தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போக வேண்டும். காரில் 3 மணி நேரம், அப்புறம் விமானத்தில் 5 மணி நேரம். போன முறை போய் வந்து 10 நாள் படுக்கையை விட்டு எழவில்லை. விமான நிலையத்தில் வீல்சேர் கேட்கச் சொல்கிறார் கணவர். நடக்க முடிகிறவள் அதைக் கேட்பது நியாயமா என்று கூச்சமாக இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

பதில்: போய் வாருங்கள் சகோதரி. அந்தக் குழந்தையை மடியில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் வீல்சேர் விஷயம். விமான நிறுவனங்கள் அந்த உதவியை வகை பிரித்தே வைத்திருக்கின்றன. இருக்கை வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டியவர்கள் ஒரு வகை. படி ஏற முடியாதவர்கள் ஒரு வகை. படி ஏறுவார்கள், இருக்கைக்கும் தானே போவார்கள், நீண்ட தூரம் மட்டும் நடக்க முடியாது என்பவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்று தனிக் குறியீடே இருக்கிறது. நீங்கள் அந்த வகை. யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லி, டிக்கெட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு 17 வருடமாக முதுகெலும்பு வாதம், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ஒருமுறை இதே கூச்சத்தில் வீல்சேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய விமான நிலையத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். வரிசையில் நின்றேன், மறுபடி நடந்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை சாக்ஸ் போடக் குனிய முடியவில்லை. கூட வந்தவர்கள் 3 நாளும் வெளியே சுற்றினார்கள், நான் அறையில் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதற்குப் பிறகு கேட்காமல் போனதே இல்லை.

போன முறை எப்போது பெட்டி கட்டினீர்கள்? முதல் நாள் ராத்திரி என்றால், வலி அங்கேயே தொடங்கியிருக்கும். இந்த முறை 4 நாள் முன்பே பெட்டியைக் கட்டில் மேல் திறந்து வையுங்கள். தரையில் வேண்டாம், ஒவ்வொரு துணிக்கும் குனிய வேண்டிவரும். தினமும் கால் மணி நேரம் அடுக்கினால் போதும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு வேலையும் இருக்கக் கூடாது.

காரில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள். வலித்தால் இறங்கலாம் என்று காத்திருப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. வலிக்காதபோதே இறங்க வேண்டும். ஒரு சின்னத் துண்டை இறுக்கிச் சுருட்டி, இடுப்பில் பெல்ட் கட்டும் உயரத்தில் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அது உறுத்தும். உறுத்தினால் எடுத்துவிடுங்கள், அப்புறம் மறுபடி வையுங்கள். அப்படி மாற்றி மாற்றி உட்காருவதுதான் நல்லது.

விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை. கைப்பையை மேலே தூக்கி வைப்பதை வேறு யாராவது செய்யட்டும். வலி திடீரென்று ஏறினால் எந்த மாத்திரை, எவ்வளவு என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும்போது ஞாபகம் கைகொடுக்காது.

தங்கையிடம் இன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: "வந்த அன்று நான் படுத்துத்தான் இருப்பேன், கோபித்துக்கொள்ளாதே." குழந்தையை நின்றுகொண்டு வாங்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டு, பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். பாரத்தைத் தலையணை தாங்கிக்கொள்ளும், நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஊர் திரும்பிய பிறகும் 2 நாள் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மூட்டுவாதத்துக்கு ஃப்ரிட்ஜில் வைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறேன். வெளிநாடு போகும்போது அதைப் பெட்டியில் வைத்து அனுப்பலாமா?

பதில்: கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். இந்த ஊசிகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை. சரக்கு அறையில் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்தால் உருகிய பிறகும் போடக் கூடாது. குளிர்ப்பொதி (ஐஸ் பேக்) மருந்துப் பெட்டியை நேராகத் தொடாதபடி நடுவே ஒரு துணியைச் சுற்றுங்கள். வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும்.

மருந்துகளை அவற்றின் சொந்த அட்டைப்பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள். டிரமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சில நாடுகளில் அவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.