மாடல் ரயில் கேள்வி–பதில்: கிராமத்துக் கிளைப்பாதை

நீராவிக் காலக் கிளைப்பாதையை வீட்டில் அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். எல்லா அளவுகளும் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்கு, அதாவது உண்மையில் 87-ல் ஒரு பங்கான 1:87 அளவுக்கு.

சுவரோரமாக 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் இருக்கிறது. இதில் ஒரு கடைசி ஸ்டேஷன் அமைக்க முடியுமா? வட்டமாக ஓடவிட்டால்தான் நன்றாக இருக்கும் என்று நண்பர் சொல்கிறார்.

அரை மீட்டர் அகலத்தில் வட்டம் திரும்பாது. செட்டுகளில் வரும் சிறிய வளைவின் ஆரமே 371 மி.மீ.; வட்டமாக்கினால் முக்கால் மீட்டரைத் தாண்டிவிடும். நண்பரை விட்டுவிடுங்கள், கடைசி ஸ்டேஷனே உங்கள் இடத்துக்குச் சரி.

திட்டத்தை ஸ்டேஷனிலிருந்து தொடங்காமல் வண்டியிலிருந்து தொடங்குங்கள். கிளைப்பாதை வண்டி என்பது ஒரு சிறிய டேங்க் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும்தான். எஞ்சின் 13 செ.மீ., பெட்டி ஒவ்வொன்றும் 24 செ.மீ., மொத்தம் ஏறத்தாழ 61. வந்து நின்ற எஞ்சின் கழன்று, லூப் எனும் பக்கப் பாதை வழியாகப் பின்பக்கம் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே பாதை முடியும் தடுப்பிலிருந்து கணக்கு இப்படிப் போகும்: தடுப்புக்கு 3, கழன்ற எஞ்சின் நிற்க 18, முதல் பாயிண்டுக்கு (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) 22, இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவே 70, மறுமுனைப் பாயிண்டுக்கு 22. கூட்டினால் 135 செ.மீ. பெட்டிகள் 48 செ.மீ.தானே, நடுவே 70 எதற்கு என்று கேட்கத் தோன்றும். பாயிண்ட் முடிந்த இடத்திலும் இரண்டு பாதைகளும் இன்னும் நெருங்கியே இருக்கும். அங்கே நிற்கும் பெட்டியின் மூலை பக்கத்துப் பாதையில் வரும் எஞ்சினை இடிக்கும். ஒவ்வொரு முனையிலும் 8 செ.மீ. இப்படிப் பயன்படாமல் போகும். முதல் முறை வரைகிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். பாயிண்டுகளைக் காகிதத்தில் நகலெடுத்துப் பலகையில் பரப்பி, உண்மையான பெட்டியை மேலே நிறுத்திப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

சரக்கு வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் சைடிங்குக்கு இன்னும் இரண்டு பாயிண்ட் போதும். மொத்தம் நான்கு. ஐந்தாவதுக்கு ஆசைப்பட்டால் வண்டி நிற்க இடம் இருக்காது.

மறுமுனையின் கடைசி ஒரு மீட்டர் ஒரு சிறு பாலத்துக்கோ மரக்கூட்டத்துக்கோ பின்னால் மறைந்திருக்கட்டும். வண்டி கிளம்பி வரும், திரும்பிப் போகும் வெளியுலகம் அங்கேதான். அங்கே பாயிண்ட் வேண்டாம், 'கேசட்' வையுங்கள்: 70 செ.மீ. நீள ப்ளைவுட் பட்டை, அதன்மேல் இரண்டு அலுமினிய எல்-கோணங்கள். நிற்கும் பக்கம் உள்ளே, படுத்த பக்கம் வெளியே, உள்விளிம்புகளுக்கு நடுவே 16.5 மி.மீ. வண்டி ஏறியதும் பட்டையை அப்படியே தூக்கித் திருப்பி வைத்தால் எஞ்சினும் திரும்பிவிடும். தண்டவாளத்தோடு நேராகப் பிடிப்பதற்கும் மின்சாரம் கடத்துவதற்கும் காகிதக் கற்றைகளைப் பிடிக்கும் இரும்புக் கிளிப்பே போதும். இரு முனையிலும் ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள். வைக்காவிட்டால் தூக்கும்போது எஞ்சின் தரையில்தான் இறங்கும்.

வேகமாகப் போனால் பாயிண்டைத் தாண்டிவிடுகிறது, மெதுவாகப் போனால் நடுவில் நின்றுவிடுகிறது. எஞ்சின் புதியது. கோளாறு எங்கே?

பெரும்பாலும் பாயிண்டில். இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் 'ஃப்ராக்' பகுதி உங்கள் பாயிண்டில் பிளாஸ்டிக்காக இருக்கும். அதன்மேல் நிற்கும் சக்கரத்துக்கு மின்சாரம் கிடையாது. நீளமான எஞ்சினுக்கு மற்ற சக்கரங்கள் கைகொடுக்கும். கிளைப்பாதையின் ஆறு சக்கரக் குட்டி எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. வேகமாகப் போகும்போது தன் உந்துதலிலேயே கடந்துவிடுவதால் கோளாறு தெரிவதில்லை. கிளைப்பாதையின் அழகே ஊர்ந்து போவதில் இருப்பதால் இதைச் சகித்துக்கொள்ளக் கூடாது.

உலோக ஃப்ராக் உள்ள பாயிண்டுக்கு மாறுங்கள். ஆனால் வாங்கிப் பொருத்தினால் மட்டும் வேலை முடியாது. ஃப்ராக்கிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களின் முனையிலும் பிளாஸ்டிக் இணைப்பிகளைப் போடுங்கள். பாதையை மாற்ற நகரும் தண்டவாள முனையான நாக்குக்கும் ஃப்ராக்குக்கும் நடுவே இடைவெளி இல்லையென்றால் வெட்டி உண்டாக்குங்கள். ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்து நிலைத் தண்டவாளத்தோடு மெல்லிய வயரால் பற்றவையுங்கள். நாக்கு போய்த் தொடுவதையே மின் இணைப்பாக நம்பினால், நடுவில் ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. கடைசியாக, ஃப்ராக்கிலிருந்து ஒரு வயரை இருவழி ஸ்விட்சின் நடுமுனைக்குக் கொண்டுபோய், மற்ற இரண்டு முனைகளை இரண்டு தண்டவாளங்களுக்கும் கொடுங்கள். பாயிண்டை இழுக்கும் அதே கம்பிதான் அந்த ஸ்விட்சையும் இழுக்க வேண்டும்.

எஞ்சின் ஃப்ராக்கைத் தொட்ட கணமே கண்ட்ரோலர் அணைந்தால் பதற வேண்டாம், ஸ்விட்சின் இரண்டு ஓர வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு பக்கம் போகும்போது மட்டும் அணைந்தால், கம்பியின் வீச்சு போதாமல் ஸ்விட்ச் முழுதாக மாறவில்லை.

இத்தனைக்கும் பிறகும் நின்றால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். இணைப்பிகள் தண்டவாளத்தை நேராகப் பிடிக்கத்தான். மின்சாரத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டை நீளவாக்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.2 சதுர மி.மீ. வயரால் தனி இணைப்பு கொடுங்கள். அந்தச் சின்ன வயர் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம். பற்றவைக்கும் இடத்தை முதலில் பளபளவென்று தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, சூடான அயர்னை இரண்டு மூன்று வினாடி மட்டும் வையுங்கள். ஆறிப்போன அயர்னைப் பத்து வினாடி அழுத்தினால் ஈயம் ஒட்டாது, தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் சிலீப்பர் கட்டைதான் உருகும்.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். அதே துணியைத் தண்டவாளத்தின்மேல் விரித்து, எஞ்சினின் ஒரு பாதி துணியிலும் மறு பாதி வெறும் தண்டவாளத்திலும் இருக்குமாறு பிடித்து ஓடவிட்டால், துணியில் விழும் கருங்கோடுகளே சக்கரத்தின் நிலையைச் சொல்லிவிடும்.

வேகன்கள் அடிக்கடி தடம் புரள்கின்றன.

ஒரே வேகன் பல இடங்களில் இறங்கினால் குற்றம் வேகனில். பல வேகன்கள் ஒரே இடத்தில் இறங்கினால் பாதையில். இதைக் குறித்துவைக்காமல் சரிசெய்யப் புறப்பட்டால் நல்லதையும் கெடுத்துவிடுவீர்கள்.

வேகன் என்றால் முதலில் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் காலிப்பரால் அளந்து பாருங்கள். 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்டில் சக்கரம் மேலேறும். அடுத்து வேகனைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் அடிச்சட்டம் முறுக்கியிருக்கிறது. எடையும் முக்கியம்: அச்சுக்கு 25 கிராம் என்பது நடைமுறையில் நன்றாக வரும் கணக்கு. நான்கு சக்கர வேகன் 50 கிராமுக்குக் குறைந்தால் தரைக்கு ஒட்டி ஈயத் துண்டு வையுங்கள்; மேலே வைத்தால் வளைவில் சாயும்.

பாதை என்றால் பலகைகள் சேரும் இடத்தையும், இடப்பக்க வளைவு முடிந்த கையோடு வலப்பக்க வளைவு தொடங்கும் இடத்தையும் பாருங்கள். எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே உங்கள் நீளமான பெட்டி அளவுக்காவது நேர்ப்பாதை வேண்டும். இல்லையென்றால் பின்னோக்கித் தள்ளும்போது பெட்டி முனைகளில் உள்ள பஃபர்கள் (மோதல் தாங்கிகள்) ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

பாதை ஒரு குன்றின்மேல் ஏறி, கீழே போகும் பாதையைத் தாண்ட வேண்டும். எவ்வளவு சரிவு வைக்கலாம்?

40-க்கு 1, அதாவது 40 செ.மீ. போனால் 1 செ.மீ. ஏற வேண்டும். அடியில் வண்டி போக 75 மி.மீ. உயரம் வேண்டும், அதற்கு 3 மீட்டர் நீள ஏற்றம் தேவை. சிறிய அமைப்பில் இதற்கு இடமில்லை. பாதை மட்டமாகவே இருக்கட்டும், சுற்றியுள்ள நிலத்தை ஏற்றி இறக்குங்கள். பார்ப்பவர் கண்ணுக்குப் பாதை ஏறுவது போலத்தான் தெரியும்.

ஜல்லி ஒட்டியபின் பாயிண்ட் அசையவே மாட்டேன் என்கிறது.

மரப்பசை நாக்குக்கு அடியில் ஊறியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விட்டு, 15 நிமிடம் ஊறவிட்டு, பல்குச்சியால் கிளறுங்கள். மெல்ல மெல்ல நகரும். கீழே மோட்டார் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்த முறை பசை ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு, சோப்பு இரண்டு சொட்டு. ஜல்லியைத் தூரிகையால் சிலீப்பர்களுக்கு நடுவே பரப்பி, முதலில் நீரைப் பனிபோலத் தெளித்து, பிறகு பசை விடுங்கள். காய்ந்த ஜல்லியில் நேரடியாக விட்டால் பசை முத்துமுத்தாக உருண்டு ஜல்லியைக் கிளப்பிவிடும். நாக்குகளை இணைக்கும் பட்டைக்கு இருபுறமும் இரண்டு சிலீப்பர் தூரத்துக்கு ஜல்லியே வேண்டாம், கறுப்பு வண்ணம் போதும்.

கூடவே ஒரு சொல்: பாக்கெட்டில் வரும் ஜல்லி பெரும்பாலும் பருமன் அதிகம். உண்மையான 50 மி.மீ. கல் 1:87 அளவில் 0.6 மி.மீ.கூட இல்லை. அதோடு, கிளைப்பாதை யார்டுகளில் கருங்கல்லைவிட எஞ்சின் சாம்பலைக் கொட்டி நிரப்பியதே அதிகம். சைடிங்கில் சிலீப்பர் பாதி மூழ்கும்படி சாம்பல் நிறத் தூளைப் பரப்பினால் இடம் அப்படியே உயிர்பெறும்.

வெயில் காலத்தில் தண்டவாளம் வளைந்து எழும்பிவிட்டது.

தண்டவாள உலோகமான நிக்கல் சில்வர் ஒரு மீட்டருக்கு 20 டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. நீளும். இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள், குளிர்ந்த நாளில் பதிக்கிறீர்கள் என்றால் அது கட்டாயம். அதைவிடப் பெரிய குற்றவாளி பலகைதான். ஈரப்பதத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். அடிப்பக்கம், ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். மேற்பரப்புக்கு 9 மி.மீ. ப்ளைவுட், அடியில் 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம்.

சாதாரண 12 வோல்ட்டா, டி.சி.சி.யா?

ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின்தான் என்றால் 12 வோல்ட் போதும். தண்டவாளம் வழியே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி.யின் லாபம் ஒலியும், மின்சாரம் விட்டுப்போகும் நொடியைத் தாங்கும் மின்தேக்கியும், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் அமைப்புகளும். எஞ்சினுக்குள் கட்டளை வாங்கும் சில்லான டிகோடரின் அமைப்பு எண்களில் (சி.வி.) 3, 4 இரண்டின் மதிப்பையும் உயர்த்தினால் எஞ்சின் பாரத்தோடு கிளம்பி பாரத்தோடு நிற்கும். சி.வி. 5-ஐக் குறைத்தால் உச்ச வேகம் அடங்கும். வயரிங் முடிந்ததும் தொலைவான மூலையில் ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வையுங்கள். கண்ட்ரோலர் உடனே அணைய வேண்டும். அணையவில்லையென்றால் வயர் போதவில்லை, அப்படியே ஓட்டினால் ஏதாவது உருகும். டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி. பாதையில் நிறுத்திவைக்காதீர்கள், மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும்.

எல்லாம் கட்டி முடித்தோம். ஒரு வண்டி வருகிறது, போகிறது. பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது.

வேகம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மணிக்கு 40 கி.மீ. என்பது 1:87 அளவில் வினாடிக்கு 13 செ.மீ.தான். ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 8 வினாடி ஆக வேண்டும். பெரும்பாலானோர் ஓட்டுவது இதைப் போல மூன்று மடங்கு. வேகத்தைக் குறைத்தாலே ஸ்டேஷன் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும்.

அடுத்து விதி. ஒற்றைக் கிளைப்பாதையில் ஒரே ஒரு கோல்தான். அது கையில் உள்ள எஞ்சின் மட்டுமே பாதையில் இறங்கலாம். ஒரு குச்சிக்கு வண்ணம் தீட்டி, அது கண்ட்ரோலர் பக்கத்தில் இல்லாமல் எதையும் நகர்த்துவதில்லை என்று வையுங்கள். சரக்கு வண்டியின் கடைசியில் கார்டு வேனும் அதன் பின்னால் விளக்கும் இருக்க வேண்டும். வண்டி பாதி வழியில் அறுந்துபோகாமல் முழுதாக வந்ததா என்பதை ஸ்டேஷனில் அந்த விளக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஷண்டிங்கில், அதாவது வேகன்களைப் பிரித்து அடுக்கும்போது, வேன் கடைசியிலிருந்து இடம் மாறிப் போகும், திரும்ப அதன் இடத்துக்குக் கொண்டுவருவதே பாதி வேலை.

பிறகு ஷண்டிங் புதிர். மூன்று சைடிங்: ஒன்று ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டும் மூன்று மூன்று. எஞ்சின் நின்று தள்ளும் ஷண்டிங் நெக்கில் எஞ்சினோடு மூன்று வேகன்தான் இடம். எட்டு வேகன்களுக்கு எட்டு அட்டை எழுதிக் கலைத்து, ஐந்தை எடுங்கள். அட்டை வந்த அதே வரிசையில் ஐந்து வேகனையும் நீளமான சைடிங்கில் சேர்க்க வேண்டும். 6,720 வரிசைகள் வரலாம். நான்கு சக்கர வேகன் 8 செ.மீ. என்று கொண்டால் நெக் 37 செ.மீ. போதும். அதை 45 ஆக்கி வசதி செய்துகொள்ளாதீர்கள், நான்காவது வேகன் நுழைந்துவிட்டால் புதிர் செத்துவிடும்.

எஞ்சினில் புகை வரும் கருவி பொருத்தலாமா?

வேண்டாம். புகையோடு வரும் எண்ணெய் தண்டவாளத்தில் படிந்து, பாயிண்டில் எஞ்சின் மறுபடி நிற்க ஆரம்பிக்கும்.