அந்தச் சீட்டை யார் எழுதியது, பாஸ்டர்?

அன்புள்ள அம்மா, ஸ்தோத்திரம்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 11 வருடமாக ஊழியம் செய்கிறேன். 40 குடும்பம் இருந்த சபை. இப்போது ஞாயிறு ஆராதனைக்கு 15 பேர் வந்தால் பெரிது. இளைஞர்கள் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள், சில தாய்மார் வெளிநாட்டுக்கு. அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் இருக்கிறவர்களே "பாஸ்டருக்கு என்ன, ஞாயிறு ஒரு நாள் வேலை" என்கிறார்கள். அப்படிச் சொன்னவரின் தாயார் இறந்த இரவு, மழையில் அட்டைக்கடியோடு மேல் லயத்து வீட்டுக்கு ஏறிப்போய் விடியும்வரை கூட இருந்தவன் நான்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது காணிக்கையும் கொஞ்சம் கூடும் என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் பறிக்க வேண்டிய கிலோவையும் சேர்த்துக் கூட்டிவிட்டார்கள். என் மனைவியே பல நாள் கிலோ வராமல் அரைப்பேரோடுதான், அதாவது அரைநாள் சம்பளத்தோடுதான், வீடு திரும்புகிறாள். போன மாதம், நான் வளர்த்துவிட்ட தம்பி ஒருவர் டவுன் சபைக்கு மாறிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றியை எதிர்பார்த்து ஊழியத்துக்கு வரவில்லை, அம்மா. ஆனாலும் ஞாயிறு ஒரு நாள் வேலையா?

ஜெப விண்ணப்பப் பெட்டியும் பாரம்தான். கடன், குடி, மகனுக்கு விசா, எல்லாம் என் தலையில். மூன்று கிழமைக்கு முன் பெயரில்லாமல் ஒரு சீட்டு: "வீட்டில் என்னோடு பேச ஆளில்லை, ஜெபியுங்கள்." சபை முன்னால் வாசித்து ஜெபித்தேன். பிறகுதான் கவனித்தேன், மகளின் கணிதக் கொப்பியில் கிழித்த சதுரக்கோடு போட்ட தாள். எழுத்தும் எங்கள் வீட்டு எழுத்து மாதிரி. அது கிடக்கட்டும். மாறிப்போன தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கவா, விட்டுவிடவா? ஊழியத்தையே விட்டுவிடலாம் போலவும் இருக்கிறது.

– ஒரு போதகர்

அன்புள்ள பாஸ்டர்,

"அது கிடக்கட்டும்" என்கிறீர்களே, அதை எப்படிக் கிடக்கவிடுவது?

தம்பி போகட்டும், விடுங்கள். அட்டைக்கடியோடு மலை ஏறியவருக்கு அந்த "ஒரு நாள் வேலை" சுடத்தான் செய்யும், உங்கள் களைப்பு பொய்யில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மனைவிக்குக் கிடைத்தது சம்பளக் கணக்கில் ஒரு வரி. அப்புறம் அந்த "மாதிரி". மாதிரியெல்லாம் இல்லை, பாஸ்டர். யார் எழுத்து என்று தெரிந்துதான் மூன்று கிழமையாக வாய் திறக்காமல் இருக்கிறீர்கள்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், கூடை சுமந்து, அரைப்பேருக்குப் பேச்சும் வாங்கிக்கொண்டு உங்கள் மனைவி வீட்டுக்கு வந்தால், அங்கே இருப்பது போதகர். யாராவது ஒருவர் அந்தப் போதகரிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றப் பெண்களுக்கு மனக்குறை என்றால் பாஸ்டரிடம் வரலாம். உங்கள் மனைவி யாரிடம் போவார்? அவரும் எல்லோரையும் போலப் பெட்டியில் போட்டிருக்கிறார். உங்களை அவமானப்படுத்த என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் போட்டால் நீங்கள் கட்டாயம் வாசிப்பீர்கள், அது அவருக்குத் தெரியும்.

யாத்திராகமம் 18ஐ வைத்துப் பொறுப்புகளைப் பங்கிடுவது பற்றிப் பிரசங்கித்திருப்பீர்கள். மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று மோசேயிடம் சொல்லும் அதிகாரம். அவர் எதற்கு வந்தார்? திருப்பி அனுப்பப்பட்டிருந்த சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மோசே மாமனாரை வணங்கி, முத்தமிட்டு, சுகம் விசாரிக்கிறார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே எழுதியில்லை. மறுநாள் காலையில் ஜனங்களின் வழக்கைக் கேட்க உட்கார்ந்துவிடுகிறார், சாயங்காலம் வரைக்கும்.

ஊழியத்தை விடுவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். விட்டாலும் அந்தச் சீட்டு உங்களோடுதான் வரும். இன்று இரவு மனைவி ரொட்டி சுடும்போது அடுப்பங்கரையில் போய் உட்காருங்கள். உன் எழுத்து என்று தெரியும், பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். வசனம் சொல்லாதீர்கள். ஜெபம் பண்ணி அவர் பேச்சை முடித்துவைக்கவும் வேண்டாம். கோபப்பட்டால் படட்டும். நடுவில் போன் அடித்தால் மகளை எடுக்கச் சொல்லுங்கள், அப்பா அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவள் சொல்லட்டும்.