மலைமேல் இருந்த பள்ளிக்கூடம்

வணக்கம்.

தைவான் மலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாத்தோங்குவான் பாதையோரம் ஆளில்லாமல் கிடக்கும் புனுன் பழங்குடியினரின் கல்வீடுகளைப் பற்றி வருத்தத்துடன் எழுதியிருந்தீர்கள். என் தம்பி தைவானில் சின்சூவில் வேலை பார்க்கிறான். அவன் போய்ப் பார்த்த பழங்குடி ஊர்கள் நல்ல சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று வசதியாகவே இருக்கின்றனவாம். ஜப்பானியர் அவர்களை மலையிலிருந்து இறக்கியிருக்காவிட்டால் இதெல்லாம் கிடைத்திருக்குமா? கொடுமைகள் நடந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மொத்தத்தில் நன்மைதானே? நூறு வருடத்துக்கு முந்தைய அரசை இன்றைய நியாயத்தை வைத்து எடைபோடலாமா? இப்போது அவர்கள் திரும்பிப் போக நினைத்தால் யார் தடுக்கிறார்கள்?

அன்புடன்,
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்வி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பள்ளியும் வைத்தியமும் வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் புனுன் மக்களுக்குப் பள்ளி மலைக்கு மேலேயே வந்துவிட்டிருந்தது.

பாத்தோங்குவான் பாதையை ஜப்பானியர் 1919-ல் வெட்டத் தொடங்கி 1921-ல் முடித்தார்கள். கிழக்கே யூலியிலிருந்து மத்திய மலைத்தொடரைக் குறுக்கே கடந்து மேற்கே நாந்தோ பகுதி வரை சுமார் 125 கிலோமீட்டர். வழி நெடுகக் காவல் நிலையங்கள். அவற்றில் பெரியது தாஃபென். காட்டின் நட்டநடுவே இருந்த அந்த இடத்தில் காவல் நிலையத்தோடு பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளி, மருந்தகம், பண்டமாற்றுக் கடை எல்லாம் இருந்தன. மலைப்பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் போலீஸ்காரர்கள்தான். சுற்றியிருந்த சரிவுகளின் பிள்ளைகள் அங்கே ஜப்பானிய மொழி படித்தார்கள். இவ்வளவும் மேலேயே இருந்தபோது மக்களை ஏன் கீழே இறக்க வேண்டும்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1895-ல் தைவான் ஜப்பானின் கைக்கு வந்தது. அந்த ஆண்டே ஒரு விதி போட்டார்கள்: பத்திரம் இல்லாத காடெல்லாம் அரசுக்குச் சொந்தம். எழுத்தே இல்லாத மக்களிடம் பத்திரம் ஏது? ஒரு காகிதத்தில் மலை முழுவதும் கைமாறிவிட்டது. அந்தக் காட்டில் கற்பூர மரம் இருந்தது. செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் செய்ய உலகமே கற்பூரம் கேட்டுக்கொண்டிருந்த காலம். 1899-ல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கினார்கள். மரம் வெட்டப் போனவர்களைப் பழங்குடியினர் எதிர்த்தபோது மலையைச் சுற்றிக் காவல் கோடு போட்டார்கள். சில இடங்களில் அது மின்சாரம் பாயும் கம்பிவேலி. ஆண்டுக்கு ஆண்டு அதை மலைக்குள் தள்ளிக்கொண்டே போனார்கள். 1914-ல் ட்ருகு என்ற பழங்குடி மக்கள்மீது நடந்த படையெடுப்புக்குக் கவர்னர் ஜெனரல் சகுமா சமத்தாவே நேரில் போனார். அடுத்து, வேட்டைத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தார்கள்.

துப்பாக்கியைக் கொடுக்க மறுத்த புனுன்கள் 1915 மே மாதம் தாஃபென் காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். அவர்களில் தாஹு அலி என்ற தலைவர் தன் கூட்டத்தோடு இன்னும் உள்ளே, தமாஹோ என்ற இடத்துக்குப் போய்விட்டார். 1933-ல்தான் அவர் அரசோடு சமாதானத்துக்கு வந்தார். நான் எழுதிய அந்த அழகான பாதை இவரைப் போன்றவர்களை மடக்குவதற்காகப் போடப்பட்டது. பள்ளியும் மருந்தகமும் அந்தக் காவல் ஏற்பாட்டின் உறுப்புகளாகவே வந்தன.

இதற்கிடையில் 1930 அக்டோபர் 27-ஆம் தேதி மத்தியத் தைவானின் வூஷேயில் மோனா ருடாவ் தலைமையில் செடிக் என்ற பழங்குடி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 134 ஜப்பானியர் கொல்லப்பட்டார்கள். பதிலடியில் செடிக் ஊர்கள் அழிந்தன. சரணடைந்து முகாம்களில் இருந்தவர்களிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் அடுத்த ஏப்ரலில் கொல்லப்பட்டனர். மிஞ்சிய 298 பேரை 1931 மே மாதம் கவானகாஜிமா என்று ஜப்பானியர் பெயரிட்ட ஆற்றோர நிலத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முன்பே அங்கங்கே நடந்துவந்த இடமாற்றம் அதன்பிறகு வேகம் பிடித்தது. 1934-ல் அதற்கென்றே பத்தாண்டுத் திட்டம் ஒன்று வந்தது.

புனுன் குடியிருப்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால் காரணம் விளங்கிவிடும். நம் ஊர்போலத் தெருவும் வரிசையும் கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு மேலே, சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள், பக்கத்திலேயே அவரவர் புனம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஓடையைத் தாண்டி ஏற வேண்டியிருக்கும். அங்கே வாழ்பவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கண்காணிக்க வேண்டிய போலீசுக்குத்தான் அது பெரும்பாடு. நூற்றுக்கணக்கான காவல் நிலையங்களை உச்சிமலையில் வைத்துச் சோறு போடுவதைவிட, மக்களை அடிவாரத்தில் ஒரே வரிசையில் குடிவைப்பது மலிவு. கீழே வந்தவர்களிடம் நெல் பயிரிடச் சொன்னார்கள். வயல் விவசாயி ஓரிடத்தில் கட்டுப்பட்டுக் கிடப்பான், ஆண்டு முழுவதும் எங்கே இருக்கிறான் என்று தெரியும். மேலே காலியான காடு அரசுக்கு.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன கட்டுரையில் சுவர்களோடு நிறுத்திக்கொண்டேன். பலகைபோல் பிளந்து எடுத்த ஸ்லேட் கல்தான் சுவருக்கும் தரைக்கும், பல இடங்களில் கூரைக்கும். உள்ளே பெரிய கூட்டுக்குடும்பம். அடுப்புகள். வீட்டுக்குள்ளேயே தினைக் குதிர். அது புனிதமான இடம், வெளியாள் கை வைக்கக் கூடாது. நம் குறிஞ்சிப் பாடல்களில் பெண்கள் கிளி ஓட்டிக் காவல் காக்கும் அதே தினைதான். விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று புனுன்களின் ஆண்டு முழுவதும் தினைச் சடங்குகளால் ஆனது. ஆண்கள் வட்டமாகத் தோள்கோத்து நின்று, தினை நன்றாக விளைய வேண்டும் என்று பல குரல்களில் படிப்படியாக ஏற்றிப் பாடும் பாசிபுத்புத் உலக இசை ஆய்வாளர்களை இன்றும் வியக்க வைக்கிறது. அடிவாரத்து நெல்லுக்கு இப்படி ஒரு சடங்கும் அவர்களிடம் இல்லை.

அந்தக் கல் தரைக்குக் கீழே அவர்களுடைய முன்னோர் இருந்தார்கள். வீட்டில் இயல்பாக இறந்தவரை, முழங்காலை மடக்கிக் குந்தவைத்து, வீட்டுத் தரையைத் தோண்டிப் புதைத்துக் கல்லால் மூடுவது புனுன் வழக்கம். தாத்தா பாட்டி கிடக்கும் தரையில்தான் பேரப்பிள்ளை தவழும். ஜப்பானிய அதிகாரிகள் இது சுகாதாரக் கேடு என்று தடை செய்தார்கள். பிறகு வீட்டையே விட்டு இறங்கச் சொன்னார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை முதுகில் சுமந்து இறங்கிவிடலாம். தரைக்குக் கீழே இருப்பவர்களை என்ன செய்வது? ‘மொத்தத்தில் நன்மை’ என்று நீங்கள் போடும் கணக்கில் இவர்களை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

அடிவாரத்தில் காத்திருந்தது மலேரியா. உயரமான மலையில் அந்தக் கொசு அரிது, அதனால் மேலிருந்து வந்தவர்களின் உடம்பில் நோயைத் தாங்கும் பழக்கமே இல்லை. குடியேறிய ஊர்களில் சாவு விழுந்துகொண்டே இருந்தது. தென்கிழக்கே லைபுனுக் பகுதியைச் சேர்ந்த ஹைசுல் என்ற புனுன் இப்படித் தன் குடும்பத்தினரைப் பறிகொடுத்தார். பழைய ஊருக்குப் போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1941-ல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காவலர்களைத் தாக்கிவிட்டு மலையேறிவிட்டார். தேடிப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். நன்மையை மறுத்தா அந்த மனிதர் அவ்வளவு தூரம் ஓடினார்?

இன்றைய நியாயத்தை வைத்து அன்றைய அரசை எடைபோடலாமா என்று கேட்கிறீர்கள். ஹைசுலும் அன்றைய மனிதர்தான். தாஹு அலியும். நியாயம் கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள், அவர்கள் சொன்னது ஏறவில்லை, அவ்வளவுதான். ஜப்பானியரிலேயே மோரி உஷினோசுகே இருந்தார். இளம் வயதில் வந்து ஆண்டுக்கணக்கில் இந்த மலைகளில் நடந்து, பழங்குடி மொழிகளைக் கற்று எழுதியவர். புனுன் மக்கள் அவர்கள் போக்கில் வாழ ஒரு நிலத்தை விட்டுவைக்க வேண்டும் என்று பாடுபட்டார். கைகூடவில்லை. 1926-ல் கப்பலில் போகும்போது கடலில் காணாமல் போனார்.

1945-க்குப் பிறகு வந்த சீன தேசியக் கட்சி அரசும் இடமாற்றத்தை விடவில்லை. ருகாய் என்ற மற்றொரு பழங்குடியினரின் கல்வீட்டு ஊரான குச்சபுங்கனே, சீனப் பெயரில் பழைய ஹாவ்ச்சா, 1970-களின் கடைசியில் பள்ளி, சாலை, மருத்துவம் என்ற இதே காரணங்களைச் சொல்லி ஆற்றோரத்துக்கு இறக்கப்பட்டது. 2009 ஆகஸ்டில் மோராகோட் புயல் வந்தது. புதிய ஹாவ்ச்சாவை மண்ணும் கல்லும் முழுதாக மூடிவிட்டன. மக்கள் மூன்றாவதாக ஓர் இடத்துக்குப் போனார்கள். முன்னோர் தேர்ந்தெடுத்த பழைய ஊரின் கல்வீடுகள் மேலே இன்றும் நிற்கின்றன. எந்தச் சரிவு நிற்கும், எது சரியும் என்று தலைமுறைகளாகப் பார்த்தவர்களின் அறிவை ‘பின்தங்கிய நிலை’ என்று எழுதிவைத்த கோப்புகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

இப்போது யார் தடுக்கிறார்கள் என்ற கேள்வி. 1895-ல் அரசுக்குப் போன காடு இன்னும் பெரும்பாலும் அரசிடமே இருக்கிறது. தாஃபென் இன்று யூஷான் தேசியப் பூங்காவுக்குள். கருவாலி மரங்கள் காய்க்கும் பருவத்தில் கரடிகள் கூடும் இடமாக ஆய்வாளர்களுக்குத் தெரிந்த ஊர் அது. சொந்தத் தாத்தாவின் வீட்டைப் பார்க்கவும் பல நாள் நடக்க வேண்டும். அப்படியும் போகிறார்கள். லைபுனுக் வழித்தோன்றல்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முதியவர்களின் நினைவை வழிகாட்டியாக வைத்துப் பழைய ஊர்களைத் தேடிப் போய்வருகிறார்கள். இடிந்து கிடந்த மூதாதையர் வீட்டின் சுவரைக் கல்மேல் கல்லாகத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். 2016 ஆகஸ்ட் 1 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் சாய் இங்-வென் பழங்குடி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நில உரிமைக்கான போராட்டம் அதற்குப் பிறகும் நடக்கிறது.

உங்கள் தம்பி சின்சூ பக்கம் பார்த்தவை அநேகமாக அதயால் மக்களின் ஊர்களாக இருக்கும். அவர்களையும் இதேபோல் இடம் மாற்றியிருக்கிறார்கள். அடுத்தமுறை போனால் அங்குள்ள பெரியவர்களிடம் அவர்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து இறங்கியது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரே ஊரில் பல பெயர்கள் வரலாம். வெவ்வேறு ஊர்க்காரர்களை, சில நேரம் பகையாளிகளையும்கூட, ஒன்றாகக் கலந்து குடிவைப்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்த்தி. கேட்டு எழுதினால் எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.